முகப்போடு நின்றுவிடும் துணிச்சல்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் நெடுஞ்சாலையின் இரு பக்கமும், செஞ்சிக்கும் மயிலத்துக்கும் மரக்காணத்துக்கும் பிரியும் சாலைகளிலும் அண்மைக் காலத்தில் எழுந்த வீடுகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனால் முதலில் நினைவில் நிற்பது அவற்றின் அளவோ அமைப்போ அல்ல, நிறம்தான். கிளிப்பச்சைச் சுவருக்கு ஆரஞ்சுத் தூண்கள். கத்தரிப்பூ நிற மாடிக்கு மஞ்சள் கைப்பிடிச் சுவர். ரோஸ் முகப்புக்கு ராமர் பச்சையில் சன்ஷேடு. இந்த வீடுகளைப் பற்றி இரண்டு விதமான பேச்சைக் கேட்க முடிகிறது. "கண்ணைக் குத்துது, ஒரு ரசனையே இல்ல" என்று முகம் சுளிப்பவர்கள் ஒரு சாரார். "இப்படி அடிக்கவும் ஒரு தைரியம் வேணும்" என்று வியந்து படமெடுத்துக்கொண்டு போகிறவர்கள் இன்னொரு சாரார். இரண்டுமே சுவரைத் தெருவிலிருந்து ஒரு நிமிடம் பார்த்துச் சொல்லும் தீர்ப்பு. அருகில் போய், சுவரைத் தொட்டு, வீட்டுக்குள்ளும் நுழைந்து பார்த்தால் வேறொரு முடிவுக்குத்தான் வர வேண்டியிருக்கிறது. இந்த நிறங்களில் உண்மையான துணிச்சல் இருக்கிறது. அதற்கு நியாயமும் வரலாறும் உண்டு. ஆனால் அந்தத் துணிச்சல் தெருவைப் பார்த்த சுவரோடு நின்றுவிடுகிறது. சுவரின் பக்குவம், வீட்டின் உட்புறம், ஒரு நிறத்துக்கும் அடுத்த நிறத்துக்கும் உள்ள உறவு ஆகிய மூன்றையும் அது எட்டவில்லை. இந்தக் கட்டுரை சொல்ல வருவது இதைத்தான்.

நிறம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. விழுப்புரம் மாவட்டத்தின் கீழ்வாலையில் வரலாற்றுக்கு முந்தைய மனிதர்கள் பாறைமேல் செங்காவியால் தீட்டிய உருவங்கள் இன்றும் தெரிகின்றன. பனமலையில் ராஜசிம்ம பல்லவன் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய தாளகிரீசுவரர் கோயிலில், சுண்ணாம்புப் பூச்சின்மீது வரைந்த தேவியின் ஓவியம் சிதைந்தும் எஞ்சியிருக்கிறது. சித்திரகாரப்புலி என்று பட்டம் சூடிக்கொண்ட மகேந்திரவர்மன் குடைவித்த மண்டகப்பட்டுக் கோயிலும் இதே மாவட்டத்தில்தான் உள்ளது. ஆனால் இவையெல்லாம் குன்றும் கோயிலும். குடியானவர் வீட்டுச் சுவர் மண்ணால் ஆனது. செம்மண்ணும் சாணமும் பூசியது. கொஞ்சம் வசதி இருந்தால் சுண்ணாம்பு, அதில் சிட்டிகை நீலம், அடியில் ஒரு காவிப் பட்டை. வண்ணம் தேருக்கும் கோபுரத்துக்கும் ஐயனார் குதிரைக்கும் உரியதாக இருந்தது. வீட்டுக்குச் சுத்தமே போதும் என்று வைத்திருந்தார்கள். சிமெண்ட் பூச்சு வந்த பிறகு ஸ்னோசெம் போன்ற சிமெண்ட் பெயிண்டுகள் வந்தன. அவற்றிலும் வெளிர் மஞ்சள், வெளிர் பச்சை, ரோஸ் என்று எண்ணிச் சொல்லக்கூடிய சில நிறங்கள்தான். நிலைமையைத் தலைகீழாக்கியது ஹார்டுவேர் கடைக்குள் வந்து உட்கார்ந்த கலவை இயந்திரம். 'கம்ப்யூட்டர் மிக்ஸிங்' என்ற பலகை தாலுகா ஊர்க் கடைகளிலும் தொங்கத் தொடங்கியதும், ஷேடு கார்டில் விரல் வைத்த எந்த நிறமும் சில நிமிடங்களில் வாளியில் கிடைக்கத் தொடங்கியது. 1942இல் தொடங்கிய ஏசியன் பெயிண்ட்ஸுக்கு ஸ்ரீபெரும்புதூரில் ஆலை இருக்கிறது. 2024இல் சந்தைக்கு வந்த பிர்லா ஓபஸ் பக்கத்து மாவட்டத்துச் செய்யாறிலேயே ஆலை வைத்திருக்கிறது. நிறம் அரிதாக இருந்த காலம் போய், எதை விடுவது என்று தெரியாத காலம் வந்துவிட்டது.

இந்த வாய்ப்பை யார் துணிந்து எடுத்துக்கொண்டார்கள் என்று பார்க்க வேண்டும். தலைமுறைகளாக மாடி வீட்டில் இருந்தவர்கள் பெரும்பாலும் கிரீம், சந்தனம், வெள்ளை என்றே தொடர்ந்தார்கள். அடர்ந்த நிறங்கள் அதிகம் தெரிவது, கூரை வீட்டிலிருந்து முதன்முதலாகக் கான்கிரீட் வீட்டுக்கு வந்தவர்களின் தெருக்களில். தென்னார்க்காட்டிலிருந்து 1993இல் பிரிந்த விழுப்புரம் மாவட்டம் நெடுங்காலமாகக் குடிசைகள் மிகுந்த மாவட்டம் என்றே பெயர் வாங்கியது. 2010இல் வந்த கலைஞர் வீட்டு வசதித் திட்டம், பிறகு பிரதமர் வீட்டுத் திட்டம், 2024-25இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் ஆகிய மூன்றும் வீடில்லாதவர்களையும் குடிசையில் இருப்பவர்களையும் உறுதியான வீட்டுக்குக் கொண்டுவரும் முயற்சிகள். கனவு இல்லத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். பரப்பு 360 சதுர அடி. அளவும் செலவும் இவ்வளவு இறுக்கமாக இருக்கும் வீட்டில், குடும்பம் தன் மனம்போலத் தீர்மானிக்க மிஞ்சுவது மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் பெரியது நிறம். தமிழ்நாட்டின் பல ஊர்களில் ஒடுக்கப்பட்ட மக்கள் மாடி வைத்துக் கட்டுவதையே மற்றவர்கள் பொறுக்காத காலம் ஒன்று இருந்தது. அந்த நினைவு இன்னும் ஆறாத ஊர்களில், தூரத்திலிருந்தே தெரியும்படி ஒரு சுவரை எழுப்பி அதற்கு வாடாமல்லி நிறம் அடிப்பது வெறும் அலங்காரம் ஆகாது. "நாங்களும் கட்டியிருக்கிறோம்" என்று ஊர் முன்னால் சொல்வது அது. ரசனை பற்றிய எந்த விமரிசனமும் இந்த உண்மையை ஒப்புக்கொண்ட பிறகுதான் வாய் திறக்க வேண்டும்.

ரசனைக் குற்றச்சாட்டில் இன்னொரு கோளாறும் இருக்கிறது: அது எல்லாச் சுவருக்கும் ஒரே அளவுகோலை வைப்பதில்லை. திண்டிவனத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய புதுச்சேரியில், கடற்கரையை ஒட்டிய பிரெஞ்சுத் தெருக்களின் அடர்மஞ்சள் சுவர்கள் பாரம்பரியம் என்று போற்றப்படுகின்றன. அவற்றின் முன்னால் நின்று திருமணப் படம் எடுக்க வெளியூர்களிலிருந்து வருகிறார்கள். ஏறக்குறைய அதே மஞ்சள் திண்டிவனத்தில் ஒரு லாரி ஓட்டுநரின் வீட்டில் இருந்தால் அது பட்டிக்காட்டுத்தனம் ஆகிவிடுகிறது. இன்னொரு பக்கம், விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்தில் 1968இல் தொடங்கிய ஆரோவில் இருக்கிறது. அங்கே பூசாத செங்கல், அழுத்திய மண்கட்டி, வெள்ளைச் சுவர் என்ற அடக்கமே அழகின் இலக்கணம். அந்த வீடுகள் அழகானவைதான். கட்டுமானப் பொருளுக்கு அவை காட்டும் நேர்மையும் மதிக்கத்தக்கதுதான். ஆனால் மண் சுவரை ஒருவர் விரும்பித் தேர்வதற்கும், வேறு வழியின்றி மண் சுவரில் மூன்று தலைமுறை வாழ்ந்த ஒருவர் அதைவிட்டு வெளியேறத் துடிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை மறந்துவிட்டு இரண்டையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது. ஆகவே 'அடர்நிறம் என்றாலே ரசனைக் குறைவு' என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை.

நிறத்துக்கு ஆதரவாக வெளிச்சமும் சாட்சி சொல்கிறது. விழுப்புரமும் திண்டிவனமும் ஏறத்தாழ 12 பாகை வட அட்சத்தில் இருக்கின்றன. ஏப்ரல் பிற்பகுதியிலும் ஆகஸ்ட் பிற்பகுதியிலும் நண்பகல் சூரியன் இங்கே நேர் உச்சியில் நிற்கிறது. மற்ற மாதங்களிலும் வெயிலுக்குக் குறைவில்லை. இவ்வளவு வெயிலில் வெளிர் நிறம் தன் சாயலை இழந்து வெறும் வெள்ளையாகத் தெரியும். வெள்ளையோ கண்ணைக் கூச வைக்கும். மங்கிய வானம் கொண்ட ஐரோப்பிய நகரங்களில் உறுத்தக்கூடிய ஒரு சிவப்பு, இங்கே சித்திரை நண்பகலில் நிதானமாக நிற்கும். மெக்சிகோவில் லூயிஸ் பாராகான் ரோஸும் ஆரஞ்சும் கத்தரிப்பூ நிறமுமாகச் சுவர்களை எழுப்பியது இப்படிப்பட்ட ஒரு வெயிலின் கீழ்தான். கட்டடக் கலையின் உயரிய விருதான பிரிட்ஸ்கர் 1980இல் அவருக்குக் கிடைத்தது. அவருடைய ரோஸ் நிறங்கள் மெக்சிகோவின் ஊர்ப்புறத்திலும் சந்தைகளிலும் இருந்து வந்தவை என்பதை நாம் கவனிக்க வேண்டும். செஞ்சிக் குன்றுகளின் சாம்பல் பாறை, வானூரின் செம்மண், மரக்காணத்து உப்பளத்தின் வெண்மை, கரும்பும் சவுக்கும் தரும் பச்சை என்று நம் மாவட்டத்தின் நிலமே உரத்த நிறங்களைத் தாங்கும் நிலம். அதில் ஒரு வீடு அழுத்தமான நிறத்தில் நிற்பதற்கு இயற்கையிலேயே இடம் இருக்கிறது.

இவ்வளவும் சாதகமாகச் சொன்ன பிறகு குறைகளுக்கு வருவோம். முதல் குறை, நிறம் முகப்பில் மட்டும் இருப்பது. இரண்டு மாடி வீடு ஒன்றைத் தெருவிலிருந்து பார்த்தால் மூன்று நிறமும் கிரானைட் ஒட்டிய தூணும் எலிவேஷன் வேலைப்பாடுமாக ஜொலிக்கும். பக்கத்துக் காலி மனையில் நின்று பார்த்தால் அதே வீட்டின் பக்கச் சுவர் பூச்சே காணாத செங்கல். பின்சுவரில் குழாய்க் கசிவின் பாசி. கதவைத் திறந்து உள்ளே போனால் கூடத்தில் ஆஃப் ஒயிட், படுக்கையறையில் கிரீம், சமையலறையில் முழங்கை உயரம்வரை டைல்ஸ், அதற்கு மேல் வெள்ளை. ஊருக்காகத் துணிந்த மனம் தனக்காகத் துணியவில்லை. பணம் போதவில்லை என்பது பக்கச் சுவருக்குச் சரியான காரணம். உட்சுவருக்கு அது பொருந்தாது, ஏனென்றால் உள்ளே எப்படியும் ஏதோ ஒரு பெயிண்ட் அடிக்கத்தான் செய்கிறார்கள். நாளெல்லாம் கண்ணில் படுவது உட்சுவர். பிள்ளை படிப்பதும் பாட்டி படுத்திருப்பதும் அதன் அருகில்தான். அல்பேனியாவின் தலைநகர் டிரானாவில் 2000இல் மேயரான ஓவியர் எடி ராமா, வெளிறிக் கிடந்த அடுக்குமாடிகளின் முகப்புகளுக்கு ஆரஞ்சும் பச்சையும் அடிக்கச் செய்தார். நகரத்துக்கு அது ஒரு தெம்பைத் தந்தது என்பது உலகம் அறிந்த கதை. தண்ணீரும் கழிவுநீர்க் குழாயும் சரியில்லாத கட்டடத்துக்கு வண்ணம் எதற்கு என்ற கேள்வியும் அதோடு எழுந்தது. இரண்டும் உண்மை. முகப்பின் நிறம் மனத்தை நிமிர்த்தும். முகப்புக்குப் பின்னால் இருப்பதை அது சரிசெய்துவிடாது.

இரண்டாம் குறை சுவரின் பக்குவம் பற்றியது. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான வீடுகளில் அடர்நிறம் தோற்பது இங்கேதான். பொங்கலுக்கு வீட்டுக்கு அடிப்பது நம் வழக்கம். சுண்ணாம்பு அடித்த காலத்தில் அது மிகப் பொருத்தமான நாள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மார்கழிப் பனியில் சுவர் இன்னும் ஈரமாக இருக்கும். சுண்ணாம்புக்கு ஈரம் பகையல்ல. ஈரச் சுவரில் பூசிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உள்வாங்கிக் கெட்டிப்படும். சுவருக்குள் இருக்கும் நீரும் அதன் வழியே மூச்சுவிட்டு வெளியேறும். இன்று அடிப்பது எமல்ஷன். காய்ந்ததும் ஒரு தோலைப் போலச் சுவரைப் போர்த்திக்கொள்ளும் பொருள் அது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை குடித்த சுவரை, போகிக்கு முன் முடித்தாக வேண்டும் என்ற அவசரத்தில், அந்தத் தோலால் மூடுகிறோம். பொருள் மாறிவிட்டது, நாள் மாறவில்லை. மாசி, பங்குனி வெயில் ஏறியதும் உள்ளிருக்கும் நீர் வெளியே தள்ளும். தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்குப் பெயிண்ட் கொப்புளம் விடும், பிறகு அப்பளமாக உரியும். கூடவே உப்பு பூக்கும். வெளிர் கிரீம் சுவரில் அந்த வெண்படலம் கண்ணுக்குத் தெரியாது. கத்தரிப்பூ நிறத்திலும் அடர்நீலத்திலும் ஊரே பார்க்கும்படி தெரியும். 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழைக்கு அடுத்து ஆறே வாரத்தில் வரும் பொங்கலுக்குச் சுவர் காய்ந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. புதுப் பூச்சின் கதையும் இதேதான். சிமெண்ட் பூச்சு முழுமையாகப் பக்குவப்படக் குறைந்தது நான்கு வாரமாவது வேண்டும். அதற்கு முன் அடித்தால் பூச்சிலுள்ள காரம் நிறத்தையே தின்றுவிடும்.

சுவர் சரியாக இருந்தாலும் எல்லா நிறமும் ஒரே மாதிரி உழைப்பதில்லை. கலவை இயந்திரம் அடர்நிறங்களுக்குப் பயன்படுத்தும் அடிப்பெயிண்டில் வெள்ளை நிறமி குறைவாகவே இருக்கும். வெள்ளை நிறமிதான் பழைய சுவரை மறைக்கும் சக்தி. அதனால் அழுத்தமான மஞ்சளுக்கும் சிவப்புக்கும் இரண்டு கோட் போதாது; மூன்றாவது வேண்டியிருக்கும். விலையும் வெளிர் நிறத்தைவிடக் கூடும். வீட்டு வேலையில் பெயிண்ட் கடைசியாக வரும் செலவு. அதற்குள் கை காலியாகியிருக்கும். பட்டி பார்ப்பதிலும் பிரைமரிலும் மிச்சம் பிடித்து, அந்தப் பணத்தில் நிறத்தை வாங்குகிறோம். சரியாகச் செய்வதென்றால் இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். நிறமியின் குணமும் கவனிக்க வேண்டியது. காவி, மண் மஞ்சள், செங்கல் சிவப்பு போன்ற இரும்பு ஆக்சைடு நிறங்கள் வெயிலுக்கு அசைவதில்லை; கீழ்வாலைப் பாறையே அதற்குச் சான்று. பளிச்சிடும் ரோஸ், வாடாமல்லி, எலுமிச்சை மஞ்சள் போன்றவற்றில் பல கரிம நிறமிகள். மேற்குச் சுவரின் வெயிலில் அவை சில ஆண்டுகளில் வெளுத்துவிடும். இதைவிட முக்கியமானது உடல்நலம். பழைய எனாமல்களில், சிறப்பாக மஞ்சளிலும் ஆரஞ்சிலும் பச்சையிலும், பளபளப்பு வந்தது பெரும்பாலும் ஈயச் சேர்மத்தால். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2016இல் ஒன்றிய அரசு விதி செய்தது. 2017 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த கதவையும் கிரில்லையும் உப்புத்தாளால் வறட்டுத் தேய்ப்பாகத் தேய்த்தால் எழும் தூசி, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியது. தேய்க்கும் பெயிண்டரின் உடம்பையும் கெடுக்கும். நனைத்துத் தேய்க்கச் சொல்வதும் பெயிண்டருக்கு முகக்கவசம் வாங்கித் தருவதும் நிறம் மாற்றுகிறவரின் கடமை.

மூன்றாம் குறை, நிறங்களுக்குள் உறவு இல்லாமை. ஒரே முகப்பில் பச்சை, ஆரஞ்சு, கத்தரிப்பூ, நீலம் நான்கும் சம அளவில், சம உரப்பில் நிற்கும்போது எதுவும் கேட்காமல் போகிறது. இது நம் மக்களுக்கு நிறம் தெரியாததால் நேர்வது என்று சொல்ல மாட்டேன். மயில்கழுத்துப் பட்டில் அரக்குக் கரை வைப்பதும், மாம்பழ மஞ்சளுக்குப் பாசிப்பச்சை முந்தி தேர்வதும் நம் வீட்டுப் பெண்கள் ஜவுளிக்கடையில் நொடியில் செய்யும் தீர்மானம். புடவையில் ஓர் ஒழுங்கு இருக்கிறது: உடல் முழுதும் ஒரு நிறம், கரையில் அதற்கு எதிர்நிறம், இரண்டும் சந்திக்கும் இடத்தில் மெல்லிய ஜரிகை. பெரிய பரப்பு எது, சிறிய பரப்பு எது என்பது முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது. பிரான்சின் கோப்லான் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவைக் கவனித்த வேதியியலாளர் ஷெவ்ரோல், ஒரு நிறம் பக்கத்து நிறத்தால் எப்படி மாறித் தெரிகிறது என்று 1839இல் விரிவாக எழுதியதும் நூலையும் நெசவையும் கண்ட அனுபவத்திலிருந்துதான். நெசவு கற்றுத்தந்த இந்த அறிவு நம் சுவருக்கு வந்து சேரவில்லை. காரணம், பெரும்பாலான வீடுகளில் புடவையைத் தேர்பவர் ஒருவர், பெயிண்டைத் தேர்பவர் வேறொருவர். ஷேடு கார்டு ஆண்கள் நிற்கும் ஹார்டுவேர் கடையில் விரிகிறது. முடிவு மேஸ்திரியும் பெயிண்டரும் வீட்டுக்காரரும் சேர்ந்து எடுப்பது. வீட்டில் அதிக நேரம் இருப்பவரும், நிறத்தில் நன்கு பழகியவருமான பெண் அந்தக் கல்லாப்பெட்டியின் முன் அநேகமாக இருப்பதில்லை.

நான்காவதாக ஒரு தடை இருக்கிறது; அது குறை என்பதைவிடச் சூழ்நிலை. நம் ஊர்களில் நிறம் நிறமாக மட்டும் இருக்க விடப்படுவதில்லை. கறுப்பும் சிவப்பும் சேர்ந்தால் ஒரு கட்சி. நடுவில் வெள்ளை வந்தால் இன்னொரு கட்சி. நீலம், மஞ்சள், சிவப்பு என்றால் பாமக; நீலமும் சிவப்பும் மட்டும் என்றால் விசிக. பின்னிரண்டும் ஆழமாக வேர்விட்ட இந்த மாவட்டத்தில், ஒரு வீட்டின் மஞ்சளோ நீலமோ சாதியின் அறிவிப்பாகப் படிக்கப்படும் வாய்ப்பு அதிகம். பள்ளிப் பிள்ளைகளின் கையில் கட்டும் கயிற்றின் நிறம்கூடச் சாதியைக் காட்டுவதால் அதைத் தடை செய்ய வேண்டும் என்று 2024இல் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு அரசுக்குப் பரிந்துரைத்தது. நிலைமை அவ்வளவு தூரம் போயிருக்கிறது. ஆகவே சிலர் பிடித்த நிறத்தைத் தவிர்ப்பதும், சிலர் பிடிக்காவிட்டாலும் 'நம்ம கலர்' என்று அடிப்பதும் நடக்கிறது. இரண்டிலும் தேர்வு என்பது இல்லை. நீலம் ஆகாயத்துக்கும் மஞ்சள் ஆவாரம்பூவுக்கும் உரியது என்று கருதி, யாருடைய கொடியையும் நினைக்காமல் அடிக்கும் ஒரு சுவர்தான் இந்த மாவட்டத்தில் எல்லாவற்றிலும் துணிச்சலான சுவர் என்பேன்.

இனி எதிர்ப்புகளுக்கு விடை சொல்ல வேண்டும். வலுவான எதிர்ப்பு வெக்கை. வெயில் கொளுத்தும் ஊரில் அடர்நிறம் சூட்டை இழுக்காதா? இழுக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் எவ்வளவு, எங்கே என்று பிரித்துப் பார்க்க வேண்டும். நம் அட்சத்தில் அதிக வெயில் வாங்குவது மொட்டைமாடி. அடுத்தது மேற்குச் சுவரும் கிழக்குச் சுவரும். மாடித் தளத்துக்குச் சுண்ணாம்போ வெள்ளைக் குளிர்ச்சிப் பூச்சோ அடித்து, மேற்குச் சுவரை வெளிர் நிறத்தில் விட்டுவிட்டால் சூட்டின் பெரும்பகுதிக்குப் பதில் சொல்லிவிட்டோம். திண்ணைக்கும் போர்டிகோவுக்கும் உள்ளே நிழலில் இருக்கும் சுவருக்கு எந்த அடர்நிறம் அடித்தாலும் சூட்டில் பெரிய மாற்றம் வராது. தவிர, எல்லா அடர்நிறமும் ஒன்றல்ல. சூரிய வெப்பத்தில் ஏறக்குறைய பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறமிகளில் பல அதைக் கணிசமாகத் திருப்பி அனுப்பிவிடும். கறுப்பும் கரும்பழுப்பும்தான் வாங்கி வைத்துக்கொள்ளும். இப்போது நகரத்து வீடுகளில் நாகரிகம் என்று பரவிவரும் கருஞ்சாம்பல் முகப்பு, திண்டிவனத்தின் மாம்பழ மஞ்சளைவிடச் சூடானது. நாகரிகம் என்று பெயர் வாங்கியதால் அது குளிர்ந்துவிடாது.

அடுத்த எதிர்ப்பு வாடகை. கலெக்டர் அலுவலகமும் ரயில்வே சந்திப்பும் கல்லூரிகளும் உள்ள விழுப்புரத்தில் வெளியூரிலிருந்து மாற்றலாகி வருபவர்கள் பலர். அவர்களுக்கு விடும் வீடு எல்லோருக்கும் பிடித்த நிறத்தில் இருக்க வேண்டும் என்று சொந்தக்காரர் நினைப்பது இயல்பு. வாடகைப் பகுதிக்கு அது சரியே. தான் குடியிருக்கும் பகுதியையும் வரப்போகும் யாரோ ஒருவருக்காக வெளிறவைப்பதுதான் பொருந்தாதது. ஒரு வீட்டில் செய்யும் தீர்மானங்களில் மிக மலிவாக மாற்றக்கூடியது சுவரின் நிறம். தூணை நகர்த்த முடியாது, ஜன்னலை மாற்றச் செலவாகும். பிடிக்காத ஒரு சுவரை இரண்டு நாளில் மாற்றி அடித்துவிடலாம். வாஸ்துவையும் ராசியையும் காட்டி நிறம் சொல்பவர்களும் உண்டு. நம்பிக்கை உள்ளவர்களுக்கு அது மன அமைதி தரலாம். அதில் நான் தலையிடவில்லை. ஆனால் வடகிழக்கு மூலைக்கு எந்த நிறம் என்று கேட்கும் அளவுக்கு, அந்த மூலையில் காலை வெயில் எத்தனை மணிவரை விழுகிறது என்றும் கேட்க வேண்டும். இரண்டாவது கேள்விக்கு யாருடைய துணையும் இன்றி நாமே விடை காண முடியும். 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்பது கடைசி எதிர்ப்பு. அந்த நாலு பேர் வாசலோடு போய்விடுவார்கள்; அவர்களுக்காகத்தான் நிறம் முழுவதும் முகப்பில் போய்க் குவிந்தது என்பதை முன்பே பார்த்தோம்.

ஆக, என் முடிவு இது. விழுப்புரமும் திண்டிவனமும் நிறத்தில் காட்டும் துணிச்சலைக் கேலி செய்ய யாருக்கும் உரிமை இல்லை; அது உழைத்து உயர்ந்தவர்களின் மகிழ்ச்சி. ஆனால் ஒரு நிறத்தை ஏன் தேர்ந்தோம், எந்தச் சுவருக்கு, எந்த வெளிச்சத்தில், எதற்குப் பக்கத்தில் என்று காரணம் சொல்ல முடிகிறபோதுதான் அந்தத் துணிச்சல் நிறைவு பெறுகிறது. அடுத்து வீட்டுக்கு அடிக்கப்போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பொங்கல் நாளுக்காக ஈரச் சுவரில் அடிக்காதீர்கள். மாசி, பங்குனிவரை காயவிடுங்கள். கசிவை அடைத்து, உப்பைத் துடைத்து, பட்டிக்கும் பிரைமருக்கும் உரிய பணத்தை முதலில் எடுத்து வையுங்கள். ஷேடு கார்டின் சிறு கட்டத்தை நம்பி இருபது லிட்டர் வாங்க வேண்டாம். முழுச் சுவரில் அந்த நிறம் இன்னும் உரக்கத் தெரியும். கால் லிட்டர் வாங்கி நாலு அடிச் சதுரமாக அடித்து, காலையிலும் நண்பகலிலும் இரவு விளக்கிலும் பாருங்கள். வீட்டுப் பெண்களைக் கடைக்கு அழைத்துப்போய் அவர்களையே தேரச் சொல்லுங்கள். முதல் அடர்நிறத்தைத் தெருச் சுவருக்கு அடிக்காமல், நீங்கள் தினமும் உட்காரும் கூடத்தின் ஒரு சுவருக்கு அடியுங்கள். அது பிடித்துப்போனால் முகப்புக்குக் கொண்டுவருவது எளிது.